டிஎஃப் ஒரு கணக்கு, டியூ வேறு கணக்கு: வட்டில் காணாமல் போன இடம் பற்றிய அனுபவங்கள்

முதல் பதிவு

நான் பராமரித்து வந்த லினக்ஸ் சர்வர் ஒன்றில், லாக் போன்ற மாறிக்கொண்டிருக்கும் தரவுகள் சேரும் வார் (/var) அடைவுக்கென்று ஒதுக்கியிருந்த 100 ஜிபியும் நிரம்பிவிட்டதாக ஒரு நள்ளிரவில் எச்சரிக்கை வந்தது. வட்டில் எவ்வளவு இடம் காலி என்று காட்டும் டிஎஃப் (df) கட்டளை அதையே உறுதி செய்தது. ஆனால் ரூட் (முழு நிர்வாகி) அனுமதியுடன், கோப்புகளின் அளவைக் கணக்கிடும் டியூ (du) கட்டளை கொண்டு கூட்டிப் பார்த்தால் 38 ஜிபிக்கு மேல் வரவில்லை. கோப்பு முறைமையே பழுதாகிவிட்டதோ என்று அஞ்சி, சர்வரை நிறுத்தி, அதைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே (fsck) ஓட்டவும் ஆயத்தமாகிவிட்டேன்.

அதற்கு முன் இரு கட்டளைகளும் எதை எண்ணுகின்றன என்று யோசித்ததுதான் என்னைக் காப்பாற்றியது. டியூ, அடைவுகளுக்குள் இறங்கி, பெயருள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டுகிறது. டிஎஃப்போ கோப்புகளைப் பார்ப்பதே இல்லை, எத்தனை பிளாக்குகள் (வட்டு இடத்தின் சிறு துண்டுகள்) காலி என்று கோப்பு முறைமை வைத்திருக்கும் கணக்கை வாங்கிச் சொல்கிறது. லினக்ஸ் உள்ளிட்ட யூனிக்ஸ் வகை முறைமைகளில், கோப்பை அழிக்கும் ஆர்எம் (rm) கட்டளை நீக்குவது பெயரை மட்டுமே. ஏதேனும் ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை அதன் பிளாக்குகள் விடுபடுவதில்லை. திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் (lsof) கட்டளையை, பெயர் நீக்கப்பட்டவற்றை மட்டும் காட்டும் +எல்1 (+L1) என்று கொடுத்து ஓட்டியதும், அன்று மாலை நானே நீக்கியிருந்த லாக் (செயல்பாட்டுப் பதிவு) கோப்பு வந்து நின்றது. செயலி அதில் இன்னும் எழுதிக்கொண்டிருந்தது. செயலியை மறுபடி தொடங்கிய கணமே இடம் திரும்பியது.

செயலி எழுதிக்கொண்டிருக்கும் லாக் கோப்பை இப்போதெல்லாம் நான் நீக்குவதில்லை, பெயரை விட்டுவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் ட்ரன்கேட் செய்து காலியாக்குகிறேன். செயலி அதை அப்பென்ட் முறையில் (எப்போதும் கோப்பின் இறுதியில் எழுதும் முறை) திறந்திருக்க வேண்டும் என்பது முக்கியம்; இல்லையெனில் விட்ட இடத்திலிருந்தே எழுத்து தொடர்வதால், கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் (ls) பழைய பெரிய அளவையே காட்டி மீண்டும் குழப்பும்.

மறுமொழி

எனக்கு நேர்ந்ததில் எல்எஸ்ஓஎஃப் எதையும் காட்டவில்லை. பேக்கப் வட்டு ஓர் இரவு மவுண்ட் ஆகாமல் (தனக்குரிய அடைவில் இணைக்கப்படாமல்) இருந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் அதை அறியாமல், வெறும் அடைவாக இருந்த அந்த இடத்திலேயே, அதாவது அடைவு மரத்தின் அடிப்படையான ரூட் (/) பகுதியிலேயே, முழு பேக்கப்பையும் எழுதிவிட்டது. மறுநாள் வட்டு மவுண்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் அதன் அடியில் மறைந்துபோயின. ரூட் பகுதியை வேறோர் அடைவிலும் தெரியும்படி பைண்ட் மவுண்ட் செய்து, அதற்குள் டியூ ஓட்டிய பிறகுதான் அவை கண்ணில் பட்டன. ஸ்கிரிப்டின் முதல் வரியில் வட்டு மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும் மவுண்ட்பாயின்ட் சோதனை ஒன்றைச் சேர்த்துவிடுமாறு எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி

டிஎஃப் காட்டும் பயன்படுத்தியதையும் மீதியையும் கூட்டினால் மொத்தம் வராத நிலையையும் சொல்ல வேண்டும். லினக்ஸின் இஎக்ஸ்டி4 (ext4) கோப்பு முறைமை வழக்கமாக 5 விழுக்காட்டை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கிறது. 2 டிபி வட்டில் அது ஏறத்தாழ 100 ஜிபி. தரவு மட்டும் உள்ள பகுதியில் டியூன்2எஃப்எஸ் (tune2fs) கட்டளை கொண்டு அதை 1 விழுக்காடாகக் குறைத்தேன்; ரூட் பகுதியில் கை வைக்கவில்லை. இடம் மீதமிருந்தும் எழுத முடியவில்லை என்றால் டிஎஃப் -ஐ (df -i) கொண்டு, ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் ஐநோடுகள் (கோப்பின் விவரப் பதிவுகள்) தீர்ந்துவிட்டனவா என்று பாருங்கள். என் சர்வரில் சிறுசிறு செஷன் கோப்புகளே அவற்றை முழுவதும் தின்றிருந்தன.