டெவில்ஸ் லேக் மாநிலப் பூங்காவில் நாயுடன்: அனுபவப் பகிர்வு

மேடிசனிலிருந்து:

அன்பருக்கு வணக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள டெவில்ஸ் லேக் ஏரிப் பூங்காவுக்கு நாயை அழைத்து வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வரலாம், அங்குள்ள நடைபாதைகளில் பெரும்பாலானவற்றில் நாய்க்குத் தடையில்லை. ஆனால் எந்தப் பாதையில் நடப்பது என்று முடிவு செய்யும்போது, நம் ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு நாயின் வயதையும் மூட்டுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடைசிப் பனியுகத்தில் பனியாறு தள்ளிக்கொண்டு வந்த மண்ணும் கல்லும் ஒரு பள்ளத்தாக்கின் இரு வாயையும் அடைத்துவிட்டதால் உருவான ஏரி இது. கிழக்கிலும் மேற்கிலும் குவார்ட்சைட் பாறை மலைகள் ஏறத்தாழ 500 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கின்றன. அவற்றிலிருந்து உடைந்து விழுந்த பெரும் கற்கள் சரிவு முழுவதும் கொட்டிக் கிடக்கின்றன. படங்களில் எல்லோரும் பார்த்திருக்கும், விழாமல் சமநிலையில் நிற்கும் பேலன்ஸ்டு ராக் என்ற பாறைக்குப் போகும் வழி இந்தக் கற்களுக்கிடையே செங்குத்தாக ஏறும் படிகள்தான். தூரம் அதிகமில்லை என்பதால் பலர் அதை எளிதாக எண்ணிவிடுகிறார்கள். எங்கள் மணி லாப்ரடார் இனம், வயதானவன். ஏறும்போது எனக்கு முன்னால் போனவன், இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் நின்று என் முகத்தைப் பார்த்தான். இறங்குகையில் உடலின் எடை முழுவதும் முன்னங்கால்களில் இறங்குகிறது; பெரிய நாயைத் தூக்கிக்கொண்டு அந்தப் படிகளில் வரவும் இயலாது. எதிரே வந்த ஒரு முதியவர் ஓரமாக ஒதுங்கி, எங்களை அவசரமின்றி இறங்கவிட்டார். அதன் பிறகு மணியுடன் போனால் மேற்குக் கரையின் டம்பிள்டு ராக்ஸ் பாதையோடு சரி. அது ஏரியை ஒட்டிப் பெரும்பாலும் சமமாகவே செல்கிறது. பிற்பகலில் மலையே வெயிலை மறைத்துக்கொள்வதால் நாயின் பாதம் சுடுவதில்லை. கோடைக்காலத்தில் முற்பகலில் போனால் கிழக்கு வெயில் நேராக அந்தக் கற்களின் மேல்தான் விழும்.

மில்வாக்கியிலிருந்து:

மேலே சொன்னவற்றோடு ரயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையை ஒட்டித் தண்டவாளம் போகிறது. 1873 முதல் இருக்கும் பாதை அது. சரக்கு வண்டி வரும்போது அதன் இரைச்சல் இரு மலைகளிலும் மோதித் திரும்பி வருவதால், சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று நாய்க்குப் புரிவதில்லை. எங்களுடையது காப்பகத்திலிருந்து எடுத்து வந்த நாய், இயல்பிலேயே பயந்த சுபாவம். கயிற்றை இழுத்துக்கொண்டு எதிர்த்திசையில் பாய்ந்தது. மார்புப்பட்டை அணிவித்திருந்ததால் தப்பியது, வெறும் கழுத்துப்பட்டையாக இருந்திருந்தால் தலையை உருவிக்கொண்டு ஓடியிருக்கும்.

சிகாகோ புறநகரிலிருந்து:

நீரைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் நான் எழுதுகிறேன். மக்கள் குளிக்கும் மணற்கரைகளில் நாயை விட அனுமதியில்லை. நாய்கள் நீரில் இறங்குவதற்கென்று தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கேயும் மற்ற இடங்களிலும் கயிறு 8 அடிக்கு மேல் நீளக்கூடாது என்பது விதி. இழுக்க இழுக்க நீளும் சுருள்கயிறு வைத்திருப்பவர்கள், அதற்கு மேல் நீளாதபடி அதைப் பூட்டி வைத்துக்கொள்வது நல்லது.

கோடையின் பிற்பகுதியில் எந்த ஏரியானாலும் நஞ்சு உண்டாக்கக்கூடிய நீலப்பச்சைப்பாசி பெருகக்கூடும். நீரின் மேல் பச்சைச் சாயத்தைக் கொட்டியது போன்ற படலம் தெரிந்தால் நாயை அருகில்கூட விடாதீர்கள். மனிதர்களைவிட நாய்களுக்கு ஆபத்து அதிகம். அவை அந்த நீரைக் குடிப்பதோடு நில்லாமல், கரையேறிய பின் உடம்பை நக்கியும் நஞ்சை உட்கொள்கின்றன. தள்ளாட்டமோ வாந்தியோ கண்டால் வீடு திரும்பும் வரை காத்திருக்காமல் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். நாங்கள் குடிநீரைக் கையோடு கொண்டு போய், ஏரியைப் பார்க்கும் முன்பே வயிறு நிறையக் குடிக்க வைத்துவிடுகிறோம். அப்படியும் எங்கள் பீகிள் ஏரி நீரில் ஒரு வாய் வைக்காமல் வருவதில்லை. உண்ணித் தொல்லை உள்ள பகுதி என்பதால் காரில் ஏற்றும் முன் காதுமடலின் உட்புறத்தையும் விரலிடுக்குகளையும் தடவிப் பார்த்துவிடுங்கள்.

மண்ணைத் தோண்டும் பழக்கமுள்ள நாயாக இருந்தால் இன்னொரு கவனமும் தேவை. கரையோரப் புல்வெளியில் பறவை, விலங்கு வடிவிலான பழைய மண்மேடுகள் இருக்கின்றன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியின் தொல்குடியினர் எழுப்பியவை. இப்பகுதியின் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்களுக்கு இந்த ஏரியே புனிதமானது. சாதாரண மேடு என்று எண்ணி நாயை அதன்மேல் விளையாட விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சொன்னால் பெரும்பாலோர் உடனே அழைத்துக்கொள்கிறார்கள்.

மேடிசனிலிருந்து:

பீகிளைப் பற்றி எழுதியவருக்கு நன்றி அம்மா, பாசியைப் பற்றி நான் எழுதியிருக்க வேண்டும். அன்பருக்கு ஒரு சிறு குறிப்பு: அருகிலேயே இருக்கும் பார்ஃப்ரிஸ் க்ளென் பள்ளத்தாக்கையும் அதே நாளில் பார்த்துவிடத் திட்டமிட்டிருந்தால், அங்கே நாய்களுக்கு அனுமதியில்லை, ஒருவர் நாயுடன் வெளியே இருக்க நேரிடும். பூங்காவுக்கு ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருவதால் கோடை வார இறுதிகளில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதே அரிது. வாகன அனுமதிச் சீட்டை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொண்டு, இயன்றால் வார நாளில் வாருங்கள்.