ஐந்து ஸ்டார் போட்டால் பணம் தருகிறோம் என்று உங்களையும் கேட்டிருக்கிறார்களா?

நேற்று புளூடூத் இயர்போன் பார்சல் வந்தது. பெட்டிக்குள் பளபளவென்று ஒரு அட்டை. வாரண்டி அட்டையாக்கும் என்று டிராயரில் போடப் போனவன் சும்மா திருப்பிப் பார்த்தேன். கிஃப்ட் கார்டு தருகிறார்களாம். ஐந்து ஸ்டார் போட வேண்டும், அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும், கொடுத்திருக்கும் மெயிலுக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் கீழே பொடி எழுத்தில், "இந்த அட்டையைப் பற்றி ரிவியூவில் எழுத வேண்டாம், படமும் போட வேண்டாம்" என்று ஒரு வரி. அந்த வரி மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கவே மாட்டேன். மனசாரக் கொடுக்கிற பரிசை எதற்கு ஒளித்துக் கொடுக்க வேண்டும்? இத்தனைக்கும் இயர்போன் நன்றாகவே இருக்கிறது, யாரும் கேட்காமலே நான்கு ஸ்டார் போட்டிருப்பேன். இப்போது என்ன போட்டாலும் பொய் மாதிரி தோன்றுகிறது. உங்களுக்கு இப்படி நடந்திருந்தால், என்ன செய்தீர்கள் என்று மறைக்காமல் எழுதுங்கள். வாங்கியவர்களும் எழுதலாம், யாரையும் திட்டப் போவதில்லை.

*

வாங்கியவள் நான்தான், எழுதுகிறேன். மேசை விளக்கு ஒன்று. பெட்டியைப் பிரித்த அன்றே, அட்டையைப் பார்த்த உற்சாகத்தில், "மிகவும் உறுதியானது, கண்ணுக்கு இதமான வெளிச்சம், தயங்காமல் வாங்கலாம்" என்று எழுதிவிட்டேன். உறுதியானது என்று எனக்கு எப்படித் தெரியும்? அரை மணி நேரம்கூட எரியவிடவில்லை. கிஃப்ட் கோடு சொன்னபடி வந்தது, அதில் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது வாரம் விளக்கின் கழுத்து தளர்ந்தது. நிமிர்த்தி வைத்தால் கையை எடுத்ததும் மெல்லத் தலை கவிழும். செல்லருக்கு எழுதினேன். பதிலாக என் ரிவியூவையே படம் எடுத்து அனுப்பினார்கள், "மிகவும் உறுதியானது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே மேடம்" என்று. மரியாதையாகத்தான் கேட்டார்கள், அதுதான் சுருக்கென்றது. ரிவியூவை மாற்றலாம் என்று உள்ளே போனால், அது பயனுள்ளதாக இருந்தது என்று முப்பத்தோரு பேர் அழுத்தியிருந்தார்கள். அந்த முப்பத்தோரு பேரில் எத்தனை பேர் வீட்டில் விளக்கு தலை கவிழ்ந்து கிடக்கிறதோ. அன்றைக்கே இரண்டு ஸ்டாராக்கி நடந்ததை எழுதினேன், கிஃப்ட் வாங்கியதையும் சேர்த்து. மறுநாள் அந்த ரிவியூவே காணாமல் போயிருந்தது. விதிமீறல் என்று ஒரு வரி அறிவிப்பு வந்தது. யாருடைய விதிமீறல் என்று அதில் இல்லை!

*

எனக்கு நடந்தது இதற்குத் தலைகீழ். பயணப் பை வாங்கினேன், முதல் தடவை இழுத்தபோதே ஜிப் கையோடு வந்துவிட்டது. படத்தோடு ஒரு ஸ்டார் போட்டேன். மறுநாள் மெயில்: வருந்துகிறோம், பாதிப் பணம் திருப்பித் தருகிறோம், ரிவியூவை நீக்கிவிடுங்கள். நான் பதில் போடவில்லை. இரண்டு நாள் கழித்து முழுப் பணம் என்றார்கள். அப்போதும் பேசாமல் இருந்தேன். அடுத்தது பையின் விலையைவிடக் கூடுதலாக ஒரு தொகை! ஒவ்வொரு மெயிலிலும் எழுதுகிறவர் பெயர் மட்டும் மாறும், "இந்த ரிவியூவால் என் வேலை போய்விடும்" என்கிற வரி மாறாது. முதல் தடவை பாவமாகத்தான் இருந்தது, நான்காவது பெயரும் அதே வரியை எழுதியபோது சிரிப்பு வந்துவிட்டது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெரிய தளங்களில் நம் உண்மையான மெயில் முகவரியைப் பெரும்பாலும் செல்லருக்குக் காட்டுவதில்லை, தளம் நடுவில் ஒரு முகமூடி முகவரி வைத்துத்தான் அனுப்பும். அப்படியிருக்க என் சொந்த மெயிலுக்கே எப்படி வந்தார்கள் என்று யோசித்தேன். "வாரண்டியை நீட்டிக்கப் பதிவு செய்யுங்கள்" என்று பெட்டியில் ஒரு க்யூஆர் கோடு இருந்தது, நானே ஆசையாக ஸ்கேன் செய்து மெயிலையும் போன் நம்பரையும் கொடுத்திருந்தேன்.

*

பையின் விலையைவிட ஏன் அதிகம் தருகிறார்கள் என்று நான் சொல்கிறேன். நான் அந்தப் பக்கத்தில் இருந்தவன். இரண்டு வருடம் ஆன்லைனில் போன் கவர் விற்றேன்.

சாதாரணச் சராசரிக் கணக்கே போதும். ஒரே ஒரு ஒற்றை ஸ்டார் விழுந்துவிட்டால், சராசரி 4.8-ல் நிற்பதற்குப் பத்தொன்பது ஐந்து ஸ்டார் வேண்டும். பத்தொன்பது பேருக்குக் கிஃப்ட் கார்டு கொடுப்பதைவிட உங்கள் ஒருவர் வாயை அடைப்பது மலிவு. அவ்வளவுதான் விஷயம், பையின் விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

புதிதாக ஒரு பொருளை ஏற்றினால் ரிவியூ பூஜ்யம், தேடலில் எங்கோ கடைசியில் கிடக்கும், யார் கண்ணிலும் படாது. கண்ணில் படாததால் விற்காது, விற்காததால் ரிவியூ வராது. முதல் இருபது ரிவியூ சேருவதற்குள் உயிர் போய்விடும். அந்த நேரம் பார்த்து ஒரு தரகர் வருவார். அவர் கையில் ஒரு குழு இருக்கும். குழுவில் உள்ளவர் முழு விலை கொடுத்து வாங்குவார். லிங்க் அனுப்ப மாட்டார்கள். பெயரைத் தேடி, பக்கம் பக்கமாகத் தள்ளி, வேறு இரண்டு பொருளையும் கொஞ்சம் பார்த்துவிட்டு, அப்புறம்தான் நம் பொருளுக்கு வர வேண்டும். டெலிவரி ஆனதும் உடனே எழுதக் கூடாது, ஒரு வாரம் போக வேண்டும், வீட்டில் எடுத்த படம் இரண்டு வேண்டும். ரிவியூ வெளியானதும் பணம் தளத்துக்கு வெளியே, வேறு வழியில் திரும்பிப் போகும். வாங்கியது நிஜம் என்பதால் உறுதிசெய்யப்பட்ட வாங்குபவர் என்கிற முத்திரையும் விழும். நீங்கள் நம்பிப் படிக்கிற அந்த முத்திரைக்குப் பின்னால் இவ்வளவு நாடகம் இருக்க முடியும்.

நானும் செய்தேன். நாலு மாதம் நன்றாக ஓடியது, அப்புறம் ஒரு காலையில் கணக்கை முடக்கினார்கள், உள்ளே இருந்த பணமும் மாட்டிக்கொண்டது. என் போட்டிக்காரர் அதையே இன்னும் பெரிதாகச் செய்துகொண்டிருந்தார் என்பது வேறு கதை. அதனால் நான் செய்தது சரி என்று சொல்லவில்லை.

*

இந்தக் குழுக்களில் நான் சேர்ந்து ஏமாந்தேன். முதல் மூன்று பொருளுக்கு ரீஃபண்ட் சொன்ன தேதியில் வந்தது. நாலாவது விலை அதிகமானது, ரிவியூ போட்டதும் குழுவும் இல்லை, தரகரும் இல்லை. யாரிடம் போய்ப் புகார் சொல்வது? "பொய் ரிவியூ எழுதினேன், கூலி வரவில்லை" என்றா?

*

சட்டம், விதி என்று சிலர் மேலோட்டமாகப் பேசுவதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அமேசானில் 2016 அக்டோபர் வரை, இலவசமாகவோ தள்ளுபடியிலோ பொருள் வாங்கி, அதை வெளிப்படையாகச் சொல்லி ரிவியூ எழுத இடம் இருந்தது. அந்த மாதம் அதை மூடினார்கள். தேர்ந்தெடுத்த வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகப் பொருள் கொடுத்து ரிவியூ எழுதச் சொல்லும் அவர்களுடைய வைன் திட்டம் மட்டும் தொடர்கிறது. அதில் யார் எழுதுவது என்பதைச் செல்லர் தீர்மானிக்க முடியாது. 2022-ல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் குழுக்களை நடத்தியவர்கள் மேல் அமேசான் வழக்கும் போட்டது.

அமெரிக்காவில் வணிக ஆணையத்தின் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதில் உள்ள நுணுக்கத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். ரிவியூ எழுதச் சொல்லிக் கூப்பன் கொடுப்பதையே அந்த விதி மொத்தமாகத் தடுக்கவில்லை. நல்லதாக எழுது, அல்லது மட்டமாக எழுது என்று நிபந்தனை போட்டுக் கொடுப்பதைத்தான் தடுக்கிறது. அபராதம் ஒரு மீறலுக்கு 51,744 டாலர் வரை போகலாம் என்று அப்போது சொன்னார்கள். பிரிட்டனில் 2025 ஏப்ரலில் இருந்து பொய் ரிவியூக்களுக்குத் தடை. இந்தியாவில் 2022-ல் ஆன்லைன் ரிவியூக்களுக்கு ஐஎஸ் 19000 என்று ஒரு தர அளவுகோல் கொண்டுவந்தார்கள், விரும்பியவர் பின்பற்றலாம் என்கிற அளவில். ஆக, முதல் பதிவில் உள்ள அட்டையில் பார்க்க வேண்டியது கிஃப்டை அல்ல, ஐந்து என்கிற எண்ணை.

*

நான் ஐந்து ஸ்டாரையும் படிப்பதில்லை, ஒன்றையும் படிப்பதில்லை. மூன்று ஸ்டார் மட்டும். மூன்றுக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

*

முதலில் எழுதியவன்தான். எல்லாவற்றையும் படித்தேன், நன்றி. அந்த எண் விஷயத்தைச் சோதித்துப் பார்க்கலாமே என்று தோன்றியது. மனசில் பட்டபடி நான்கு ஸ்டார் போட்டேன், சத்தம் நன்றாக இருக்கிறது, ஒரு மணி நேரம் மாட்டினால் காது வலிக்கிறது என்று எழுதி, ஸ்கிரீன்ஷாட்டை அவர்கள் மெயிலுக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில். ஒரு அழுகிற பொம்மை, பக்கத்தில் "அன்பு நண்பரே, ஒரு ஸ்டார் குறைகிறது. ஐந்தாக மாற்றிக் காது வலி வரியை எடுத்துவிட்டால் இரண்டு கிஃப்ட் கார்டு அனுப்புகிறோம்."

அட்டையின் படத்தையும் இந்த மெயிலையும் சேர்த்துத் தளத்தின் புகார்ப் பகுதிக்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. அந்த மெயில்காரர் மட்டும் இன்று காலையிலும் கேட்டார், மாற்றிவிட்டீர்களா என்று.