ஸ்லாப்புக்குள் இருக்கும் காசைப் படமெடுத்த அனுபவம்

ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். சென்னை மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி பர்மிங்காமில் அடிக்கச் சொன்ன 1808ஆம் ஆண்டுப் பத்துக் காசு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை ஏற்றிவந்த அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரக் குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில்தான் காசுகளை மீட்டார்கள். சென்னை வந்து சேர ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்ட காசு அது! ஸ்லாப்பில் (காசை அடைத்து மூடிய தெளிந்த பிளாஸ்டிக் உறையில்) வைத்துப் படமெடுத்தால் குறுக்கே டியூப்லைட் கோடு. விளக்கை அணைத்தேன், அடுத்த படத்தில் என் வெள்ளைச் சட்டை.

மூன்று இரவுகள் போராடினேன். பிளாஸ்டிக் தட்டையானது, எந்தக் கோணத்தில் ஒளி விழுகிறதோ அதே கோணத்தில் மறுபுறம் தெறிக்கும். விளக்கைத் தாழ்த்தினால் தெறிப்பு போய்விடுகிறது. ஆனால் கீறலும் தூசியும் ஒளிர்கின்றன, ஸ்லாப்பின் விளிம்பு நிழல் போடுகிறது, செம்பு செத்துக் கிடக்கிறது. செம்பு மினுங்க வேண்டுமானால் விளக்கு லென்ஸை ஒட்டி உயரத்தில் நிற்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது விரற்கடை இடம்தான். காசைக் கடிகாரமாக நினைத்து, 10 மணியிலும் 2 மணியிலும் சிறிய எல்இடி விளக்குகளை வைத்தேன். கேமராத் திரையைப் பார்த்தபடியே மெல்ல உயர்த்தி, தெறிப்பு எட்டிப்பார்த்ததும் ஒரு நூல் இறக்கினேன். ஆண்டர்சன் தெருவில் வாங்கிய கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்குத் துளையிட்டு மாட்டியதும் கூரையும் என் முகமும் மறைந்தன. காசில் இருக்கும் பாரசீக எழுத்துகளை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன்.

தண்டையார்பேட்டை வாசகரின் பதில்: ஐயா, லென்ஸுக்கும் காசுக்கும் நடுவே 45 பாகையில் தெளிந்த கண்ணாடித் துண்டைச் சாய்த்து நேர்மேலிருந்து ஒளி இறக்கும் முறையை நான் ஸ்லாப்புக்கு முயன்றேன். வெறும் காசுக்கு அருமையான முறை. ஸ்லாப்பின் பிளாஸ்டிக்கோ ஒளியை நேரே லென்ஸுக்குத் திருப்பிவிடுகிறது. படம் முழுக்கப் பனிமூட்டம். ஸ்லாப்பின் ஓர் ஓரத்தில் தீக்குச்சி வைத்துச் சாய்த்து, பக்கவாட்டு விளக்குக்கே திரும்பிவிட்டேன். சாய்த்தால் ஒரு பக்கம் மங்கும், அதனால் முழுக் காசும் தெளிவாக விழ லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்/11 வைக்கிறேன்.

தங்கசாலை வாசகரின் பதில்: காசை நடுவில் வைத்து ஸ்டேப்ளர் அடித்து மூடும் அட்டை ஹோல்டரில் சிரமம் இன்னும் அதிகம் அண்ணா. அதன் மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுருங்கியிருப்பதால் ஒவ்வொரு சுருக்கமும் ஒவ்வொரு திசையில் மின்னும். பொறுமையிழந்து ஸ்டேப்ளர் ஊசியைப் பிரித்தேன். சென்னையில் அடித்த ஆற்காட்டு ரூபாயில் தாமரை முத்திரைமீது ஊசிமுனை கோடு இழுத்துவிட்டது. விளக்கைப் போட்டால் இன்றும் அந்தக் கோடுதான் முதலில் ஒளிர்கிறது.