ஆடியோ செட்டுக்கு நான் போட்ட ப்ளக் பாயின்ட்

ஹால் சுவரில் ஆடியோ செட்டுக்கென்று தனி போர்டு போடப்போகிறேன் என்றதும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எலக்ட்ரீஷியன், "16 ஆம்பியர் பாயின்ட்டே போட்டுடலாம் சார், பவர் நல்லா வரும்" என்றார். பாட்டுப் பைத்தியமான நண்பர் ஒருவர் ரோடியம் பூசிய ஜப்பான் சாக்கெட்டைச் சிபாரிசு செய்தார். அது ஒன்றின் விலைக்கு நல்ல ஹெட்போனே வாங்கிவிடலாம்.

கணக்குப் போட்டால் 6 ஆம்பியரே தாராளம். 230 வோல்ட்டில் அது 1380 வாட். சேனலுக்கு, அதாவது ஒரு பக்க ஸ்பீக்கருக்கு, 100 வாட் தரும் ஆம்பாக (ஆம்ப்ளிஃபையராக) இருந்தாலும், வீட்டில் சாதாரணமாகக் கேட்கும் சத்தத்துக்கு அதில் சிறு பங்குதான் இழுக்கும். ஆக, பார்க்க வேண்டியது பின்னை சாக்கெட் எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைத்தான்.

பழைய வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஸ்பீக்கரில் அவ்வப்போது கரகரப்பு வரும். மெக்கானிக் வால்யூம் கன்ட்ரோலை மாற்றச் சொன்னார். ஒருநாள் ஆம்பின் ப்ளக்கை உருவிப் பார்த்தால் ஒரு பின் மட்டும் கருத்து, நகத்தால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. மெயினை அணைத்துவிட்டு போர்டைக் கழற்றினோம். உள்ளே வயரைப் பிடிக்கும் ஸ்க்ரூ லொடலொடவென்று ஆடியது. சாக்கெட்டையும் ப்ளக்கையும் மாற்றியதோடு கரகரப்பு போயிற்று, வால்யூம் கன்ட்ரோல் இன்றும் அதேதான்.

நம் 6 ஆம்பியர் ப்ளக்கின் பேஸ், நியூட்ரல் பின்கள் 5.1 மில்லிமீட்டர் தடிமன். 16 ஆம்பியரில் 7.1. இரண்டும் போகும் 6/16 சாக்கெட்டில் அயர்ன் பாக்ஸைச் செருகிச் செருகி எடுத்திருந்தால், அப்புறம் மெல்லிய பின் அதில் ஆடத்தான் செய்யும். எல்லா நாட்டு ப்ளக்கும் போகும் யுனிவர்சல் சாக்கெட் இன்னும் மோசம், எதையும் இறுக்கிப் பிடிக்காது. அதனால் ஐஎஸ்ஐ முத்திரையும் ஷட்டரும் (துளைகளை உள்ளிருந்து மூடி வைக்கும் தடுப்பு) உள்ள சாதா 6 ஆம்பியர் மூன்று பின் சாக்கெட்டுகளையே வரிசையாக ஒரே போர்டில் போட்டேன். வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் டிபி பெட்டியிலிருந்து தனி எம்சிபி (கரன்ட் அதிகமானால் தானே அணையும் சுவிட்ச்), தனி வயர். வயரில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காமல் 4 ஸ்கொயர் எம்எம் இழுத்தேன்.

ஒரே போர்டு என்பதற்குக் காரணம் உண்டு. த்ரீ பேஸ் வீட்டில் பக்கத்துப் பக்கத்து போர்டுகள்கூட வேறு வேறு பேஸில் இருக்கலாம். அவற்றுக்கு இடையே 400 வோல்ட். அது போக, ஆம்ப் ஒரு இடத்திலும் டிவி வேறொரு இடத்திலும் எர்த் எடுத்தால், நடுவே போகும் ஆடியோ ஒயர் வழியாக 'உம்ம்ம்' என்ற இரைச்சல் நுழையும். எங்கள் வீட்டில் அது செட்டாப் பாக்ஸின் கேபிள் வழியாகவும் வந்தது. கேபிளைப் பிடுங்கினால் நின்றது, செருகினால் திரும்ப வந்தது. டிவியிலிருந்து ஆம்புக்கு, கரன்ட்டுக்குப் பதில் ஒளியாக ஆடியோவைக் கடத்தும் ஆப்டிகல் ஒயர் போட்ட பிறகு தொல்லை விட்டது. இதற்கு எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் புண்ணியவான்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். ஆம்புக்குள் ஏதாவது ஷார்ட் ஆனால் அதன் இரும்புப் பெட்டி முழுக்க 230 வோல்ட் நிற்கும்.

நண்பர் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த ஆம்பிலும் இதே ஆபத்துதான். அந்த ஊர் ப்ளக்கில் பின் 4.8 மில்லிமீட்டர், எர்த் பக்கவாட்டில் இருக்கும். நம் சாக்கெட்டின் எர்த் துளையில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து ஷட்டரைத் திறந்து, ப்ளக்கை அழுத்திச் செருகியிருந்தார். பாட்டு நன்றாகவே பாடியது, எர்த் மட்டும் இல்லை! ஆம்பின் பின்னால் கழற்றும் ஒயர்தான் என்பதால், கம்ப்யூட்டருக்குப் போடும் நம் ஊர் மூன்று பின் பவர் கார்டு ஒன்று வாங்கிப் போட்டோம், தீர்ந்தது.

அமெரிக்காவில் ஆடியோக்காரர்கள் விரும்பி வாங்குவது பச்சைப் புள்ளி போட்ட ஹாஸ்பிடல் கிரேடு சாக்கெட். பிடிமானம் பிரமாதம் என்பது உண்மை. ஆனால் அங்குள்ள 120 வோல்ட் தட்டைப் பின்னுக்கானது அது. ஆசைப்பட்டு வாங்கி வந்து இங்கே மாட்டாதீர்கள்.

எங்களுக்கு இன்னும் ஒன்று பாக்கி. ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம், தனி லைன் போட்டும் போகவில்லை. ஃப்ரிட்ஜ் பக்கம் ஃபில்டர் வைத்துப் பார்த்தவர்கள் இருந்தால் பலன் கிடைத்ததா என்று சொல்லுங்கள்.