பார்க்கர்தான் முதல் சட்ட அமைச்சர் என்று யார் சொன்னது?

தேக்கா மாமா:
2025 மே மாதம் எட்வின் டோங் சிங்கப்பூரின் சட்ட அமைச்சரானதிலிருந்து ஒரு செய்தி குழுவுக்குக் குழு சுற்றுகிறது. "முதல் சட்ட அமைச்சர் ஈ. டபிள்யூ. பார்க்கர், அப்புறம் ஜெயகுமார், சண்முகம், நான்காவதாக டோங்." நம்ம வேலன் தம்பியும் நேற்று அதை அப்படியே கொண்டுவந்து இங்கே ஒட்டிவிட்டார். கே. எம். பர்ன் என்று ஒருவர் இருந்தாரே, அவர் எங்கே போனார்? 1959-இல் மக்கள் செயல் கட்சி முதன்முதலாக ஆட்சிக்கு வந்தபோது தொழிலாளர் துறையும் சட்டத் துறையும் அவர் கையில்தான் இருந்தன. பார்க்கர் வந்தது 1964. நடுவில் உள்ள வருடங்களை யார் விழுங்கியது?

ஈசூன் வேலன்:
மாமா, நாடு பிறந்தது 1965 ஆகஸ்ட் 9. அன்றைக்குச் சட்ட அமைச்சர் பார்க்கர். பிறக்காத பிள்ளைக்குக் காது குத்தாதீர்கள்.

தேக்கா மாமா:
அப்படியா? லீ குவான் யூ எந்த வருடம் பிரதமரானார்? 1959 ஜூன் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும். பிரதமருக்கு 1959-இலிருந்து கணக்கு, அதே அமைச்சரவையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும் 1965-இலிருந்தா?

இன்னொன்று. நீங்கள் ஒட்டிய செய்தியிலேயே "பார்க்கர், 1964 முதல் 1988 வரை" என்று இருக்கிறது. 1964-இல் சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலம். அப்போது மட்டும் பிள்ளை பிறந்துவிட்டதா?

மன்னார்குடி ரகு:
நீங்கள் சண்டை போடுங்கள், எனக்கு வேறொரு ஆச்சரியம். பார்க்கர் 24 வருடம், ஜெயகுமார் 20, சண்முகம் 17. அறுபது வருடத்தில் மூன்றே பேரா! இங்கே டெல்லியில் 2021-க்கும் 2023-க்கும் இடையில் மட்டும் ரவிசங்கர் பிரசாத், கிரண் ரிஜிஜு, மேக்வால் என்று மூன்று பேரைப் பார்த்துவிட்டோம். அதிலும் 1988-இலிருந்து 37 வருடம் தொடர்ந்து தமிழர் கையில் சட்ட அமைச்சு. நெஞ்சு நிமிர்கிறது ஐயா.

ஒன்பதாம் தளம்:
ரகு, நெஞ்சைக் கொஞ்சம் இறக்குங்கள். 1988 முதல் 1994 வரை ஜெயகுமாரிடம் சட்டமும் உள்துறையும் சேர்ந்தே இருந்தன. 2015-க்குப் பிறகு சண்முகத்திடமும் அப்படித்தான். சட்ட அமைச்சும் போலீசும் சிறையும் ஒரே ஆளிடம் இருப்பது நல்லதா? இதை யாரும் பேசமாட்டீர்கள். யார் முதல், யார் இரண்டாவது என்று பந்திக்கு இடம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

ஈசூன் வேலன்:
ஆண்களுக்கு இடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்க 2022-இல் நாடாளுமன்றம் வாக்களித்ததும் அதே ஆள் இரண்டு துறையிலும் இருந்தபோதுதான். அது மட்டும் கண்ணுக்குத் தெரியாதே உங்களுக்கு.

ஒன்பதாம் தளம்:
2019-இல் வந்த பொய்ச்செய்திச் சட்டமும் அதே காலம்தான். அது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதா?

தேக்கா மாமா:
தலைப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள். கேள்வி 1959 பற்றியது. பர்ன் சட்ட அமைச்சரா இல்லையா?

பொங்கோல் அக்கா:
நானும் ஒன்று சொல்லட்டுமா? மாதர் சாசனத்தை 1961-இல் சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் பர்ன். அந்த செப்டம்பர் 15-க்குப் பிறகு முஸ்லிம் அல்லாத எந்த ஆணும் மனைவி இருக்கும்போதே இன்னொருத்தியைக் கட்ட முடியாது என்று ஆனது. அதற்கு முன்னால் சம்பிரதாயப்படி தாலி கட்டினேன் என்று சொல்லி ஊரில் ஒன்று, இங்கே ஒன்று என்று வைத்திருந்த நம் ஆட்களும் உண்டு. பெருமை பேசும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சட்டம் வரவேண்டும் என்று கட்சிக்குள் நின்று போராடிய சான் சோய் சியோங் பெயர் இந்த இழையில் ஒரு தடவைகூட வரவில்லை. ஆம்பளைகளின் வரிசை எண்தான் முக்கியம் உங்களுக்கு.

தேக்கா மாமா:
அக்காவே சொல்லிவிட்டார். 1961! கொண்டுவந்தவர் பர்ன்! பார்க்கர் அப்போது அரசியலுக்கே வரவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பொங்கோல் அக்கா:
நான் உங்கள் கட்சி என்று யார் சொன்னது? முழுசாகப் படியுங்கள் அண்ணே.

ஈசூன் வேலன்:
பர்ன் 1963 தேர்தலில் தோற்றுப் போனவர். பார்க்கர் என்ன செய்தார் தெரியுமா? 1965-இல் பிரிவினை ஒப்பந்தத்தையே வரைந்தவர். மலேசியத் தரப்பில் துணைப் பிரதமர் துன் ரசாக், அவரோடு ராஃபிள்ஸ் கல்லூரியில் ஹாக்கி விளையாடிய ஆள். 1966-இல் நில எடுப்புச் சட்டம். அது இல்லாமல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்கு வீடுகளுக்கு நிலம் எங்கிருந்து வந்திருக்கும்? மாமா இப்போது ஏசி போட்டு உட்கார்ந்து தட்டச்சு செய்கிற வீடும் அந்தக் கணக்கில்தான் வரும்.

ஒன்பதாம் தளம்:
நிலம் வந்தது. நிலத்துக்காரனுக்கு என்ன வந்தது? சந்தை விலையே கொடுக்க வேண்டும் என்று சட்டம் மாறியது 2007-இல்தான். அது ஜெயகுமார் காலம். கம்பத்தை, அதாவது கிராமத்தை, இழந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் போய் உங்கள் ஹாக்கிக் கதையைச் சொல்லுங்கள்.

மன்னார்குடி ரகு:
நிலம் எதற்குச் சட்ட அமைச்சிடம்? நீதிமன்றம், வழக்கு எல்லாம் அங்கேதானே?

ஒன்பதாம் தளம்:
இல்லை. நீதிமன்றம் தலைமை நீதிபதியின் கீழ். வழக்குத் தொடுப்பது தலைமைச் சட்ட அதிகாரி. சிறை உள்துறையில். சட்ட அமைச்சிடம் நிலம், அறிவுசார் சொத்து, திவால், இலவசச் சட்ட உதவி, அடகுக்கடை, வட்டிக்கடை உரிமம்கூட உண்டு.

மன்னார்குடி ரகு:
அடகுக்கடையா!

தேக்கா மாமா:
அடகுக்கடைக்குத் தனி இழை தொடங்குங்கள். வேலன், தேர்தலில் தோற்றால் அமைச்சராக இருந்த வருடங்கள் அழிந்துவிடுமா? பெரிய சாதனை என்று சொல்கிறீர்களே, பொதுமக்கள் குழு தீர்ப்புச் சொல்லும் ஜூரி முறையை எடுத்தது, அதன் தொடக்கம்கூட உங்கள் பார்க்கர் இல்லை. 1960-இலேயே மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டும் ஜூரி என்று சுருக்கிவிட்டார்கள். அப்போது சட்ட அமைச்சர் யார்? பர்ன்.

ஈசூன் வேலன்:
ஜூரியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லையே மாமா!

ஒன்பதாம் தளம்:
அது சாதனையா? 1969 கடைசியில் மிச்சத்தையும் எடுக்கச் சட்டம் போட்டபோது வழக்கறிஞர் டேவிட் மார்ஷல் எவ்வளவு வாதாடினார்! அவர் எழுந்து நின்றால் கொலை வழக்கே கரைந்துவிடும் என்று பெயர் இருந்த காலம். ஜூரி போய் இரண்டு நீதிபதிகள் வந்தார்கள். 1992-க்குப் பிறகு அதுவும் ஒருவர். உயிர் போகும் வழக்குக்கு ஒரே ஒருவர்.

ஈசூன் வேலன்:
மார்ஷல் மட்டும் என்ன, வழக்கறிஞர் தொழில் பிழைக்க வேண்டும் என்றுதான் பேசினார்.

ஒன்பதாம் தளம்:
அவரைப் பற்றி இப்படி எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா?

தேக்கா மாமா:
மார்ஷலை விடுங்கள். பர்ன் முதல், பார்க்கர் இரண்டாவது, ஜெயகுமார் மூன்றாவது, சண்முகம் நான்காவது, டோங் ஐந்தாவது. விரல் விட்டு எண்ணத் தெரிந்தால் போதும்.

ஈசூன் வேலன்:
சுதந்திர நாட்டின் முதல் சட்ட அமைச்சர் பார்க்கர். பத்தாவது தடவை சொல்கிறேன்.

தேக்கா மாமா:
"சுதந்திர" என்ற சொல் நேற்று உங்கள் பதிவில் இல்லை. இப்போது நைசாக நுழைக்கிறீர்கள். நாளைக்கு நூலகத்தில் 1959 ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் பக்கத்தை எடுத்துப் படத்தோடு போடுகிறேன், பாருங்கள்.

பொங்கோல் அக்கா:
தேக்கா சந்தை இடம் மாறிய விவாதத்திலும் இதே நூலகத்துக்குத்தான் கிளம்பினீர்கள். படம் இன்னும் வந்து சேரவில்லை அண்ணே.

தேக்கா மாமா:
அந்த விவகாரத்தை இங்கே இழுக்காதீர்கள். அதிலும் நான் சொன்னதுதான் சரி.

ஈசூன் வேலன்:
அதில் உங்களை நிர்வாகி மூன்று நாள் வெளியே வைத்திருந்தாரே, அதுவும் சரிதானா?

தேக்கா மாமா:
மூன்று நாள் இல்லை, இரண்டு.