சிங்கப்பூர் சம்பளம், மன்னார்குடியில் வீடு: வரி எங்கே கட்டணும்?

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர்ல வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். அப்பாவுக்கு உடம்பு முடியல. நடவு, அறுப்புன்னா நான்தான் வந்து நிக்கணும். திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கறதால அடிக்கடி வந்துட்டுப் போறேன்.

ஒரு நிதியாண்டுல 182 நாள் இந்தியாவில் இருந்தா வரிக் கணக்குக்கு இங்கே ரெசிடென்ட் (இங்கேயே வசிக்கிறவர்) ஆயிடுவோம்னு தெரியும். ஆனா வரிக் கணக்கு வருஷம் இங்கே ஏப்ரல் முதல் மார்ச், சிங்கப்பூர்ல ஜனவரி முதல் டிசம்பர். தை அறுப்புக்கு வந்த நாளெல்லாம் இங்கே பழைய வருஷத்துல சேருது, அங்கே புது வருஷத்துல சேருது. வந்த நாள், கிளம்பின நாள் ரெண்டையும் எண்ணணுமா? பாஸ்போர்ட் முத்திரை சிலது மங்கிப் போச்சு, போர்டிங் பாஸ் எல்லாம் பத்திரமா வச்சிருக்கேன். அது போதுமா?

என்னை ரொம்ப உறுத்துறது இன்னொண்ணு. ஊர்ல இருக்கும்போதும் திண்ணையில லேப்டாப்பை வச்சுக்கிட்டு அதே கம்பெனி வேலையைத்தான் பார்க்கிறேன். சம்பளம் அங்கே உள்ள பேங்க்ல விழுது. நான் என்ஆர்ஐயாவே இருந்தாலும், இங்கே உக்காந்து பார்த்த வேலைக்கான சம்பளத்துக்கு இந்தியாவுல வரி உண்டுன்னு ஒரு ஆடிட்டர் சொல்றார், இன்னொருத்தர் வேண்டியதில்லைங்கிறார். ரெண்டு நாட்டுக்கும் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கே, அதுல இதுக்கு என்ன வழி? வெளிநாட்டுல கட்டின வரியை இங்கே கழிச்சுக்கக் கொடுக்கிற படிவம் 67 போட்டவங்க யாராவது இருக்கீங்களா?

வரியை ஏமாத்தணும்னு இல்லை, சரியா கட்டணும். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் வெளிநாட்டு வருமானக் கணக்கு பார்த்துப் பழகின ஆடிட்டர் தெரிஞ்சா இன்பாக்ஸ்ல சொல்லுங்க. ஜூலை கடைசிக்குள்ள ரிட்டர்ன் போடணும்.