ஆட்டாத மத்தியமம்

எங்கள் மந்தைவெளி அடுக்ககத்தில் மேல்மாடிப் பெண் பியானோ கற்கிறாள். டிசம்பர் சீசன் முடிந்த கையோடு ஒருநாள் நாலு பக்கத் தாள் ஒன்றை நீட்டி, "மாமா, இதுக்கு வயலின் வேணும், வாசிக்கிறீங்களா?" என்று கேட்டாள். எஸ்டோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் 1978-ல் எழுதிய 'ஷ்பீகல் இம் ஷ்பீகல்'. கண்ணாடிக்குள் கண்ணாடி என்று பொருள். முப்பது வருஷமாகக் கர்நாடக இசைக் கச்சேரிகளில் வயலின் பக்கவாத்தியம் வாசிக்கிற எனக்கு அந்தப் பெயரே புதிது.

சுருதியை நான்கு கட்டைக்கு, அதாவது பியானோவின் F-ஐ ஸ-வாக, வைத்துக்கொண்டு, தாளை நம் சுரத்தில் எழுதிப் பார்த்தேன். ரி க. ம க. ஸ ரி க. ப ம க. நி ஸ ரி க. த ப ம க. அவ்வளவுதான்! ஒரு முறை கீழிருந்து 'க' என்ற காந்தாரத்துக்கு, அடுத்த முறை மேலிருந்து காந்தாரத்துக்கு. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு சுரம் கூடுகிறது. ஆறு மாதிரி போகப் போக விரிவதை ஸ்ரோதோவஹ யதி என்று நாம் சொல்வோமே, அதேதான். சங்கராபரண சுரங்கள்தான், ஆனால் ராகம் இல்லை. பியானோ பெரும்பாலும் ஸ, க, ப மூன்றையே தட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு அது தம்பூரா மாதிரி கேட்டது.

சுலபம் என்று நினைத்து வில்லை வைத்தேன். 'ம' என்ற மத்தியமம் வந்ததும், சுரத்தை அசைத்தே பழகிய விரல் தானாக அசைந்துவிட்டது. "மாமா, ஆட்டாதீங்க, நேரா நிக்கணும்" என்றாள். ஒரே சுரத்தை வில் நடுங்காமல் இழுக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

அப்புறம்தான் பேர்ட்டைப் பற்றிப் படித்தேன். 1935-ல் எஸ்டோனியாவில் பிறந்தவர். வானொலியில் ஒலிப்பதிவுப் பொறியாளராக வேலை பார்த்திருக்கிறார். ஆரம்ப காலத்தில் எழுதியவற்றில் பல, எந்தச் சுரத்தையும் ஆதாரமாக வைக்காத பன்னிரண்டு சுர முறையில், கரடுமுரடான இசை. 1968-ல் 'கிரேடோ' என்ற படைப்பில் கிறிஸ்துவை நம்புகிறேன் என்று வெளிப்படையாக வைத்ததால் சோவியத் அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளானார். அதன் பிறகு பல வருஷம் அனேகமாக எதுவும் எழுதவில்லை. பழைய தேவாலயப் பாடல்களைப் படித்துக்கொண்டிருந்தார். 1976-ல் 'ஃப்யூர் அலீனா' என்ற சின்னப் பியானோ உருப்படியோடு திரும்பி வந்தார். ஒரு குரல் படிப்படியாக நடக்கும். இன்னொன்று முக்கியமான மூன்று சுரங்களில் மட்டும் ஒலிக்கும். மணியோசையை நினைத்து அந்த முறைக்கு 'டின்டினாபுலி' என்று பெயர் வைத்தார். 1980-ல் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டி வந்தது.

அந்த மௌன வருஷங்கள்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தன. சீசனில் பாட்டுக்காரர் மூச்சு வாங்கும் இடைவெளியைக்கூட நிரப்பிப் பழகியவன் நான். இப்போது, மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்துக்கு முன், சுரங்களை அப்போதைக்கப்போது கற்பனையாகக் கோக்கும் கல்பனாசுரத்தில், எனக்கு விடும்போது, தாளத்தில் நாலு அட்சரம் சும்மா விட்டுப் பார்க்கிறேன். பாடுபவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். மிருதங்கக்காரர் ஒருத்தர் மட்டும் தலையசைத்தார்.

சனிக்கிழமை பேர்ட்டின் இன்னொரு உருப்படியான 'ஃப்ராட்ரெஸ்' தொடங்குகிறோம். ஆரம்பத்திலேயே நான்கு தந்தியிலும் வில் பாய வேண்டும். அதற்கு நம் சுருதி ஒத்துவராது, அதனால் பழைய வயலின் ஒன்றை எடுத்து மேற்கத்திய முறையில் தந்தி கூட்டி வைத்திருக்கிறேன்.